கூன்வண்டு விட்டுவைத்தவை

இதுவும் சொத்தைதான் என்று கத்தி இறங்குவதற்கு முன்பே குப்பம்மாளின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. விதையின் தோலில் ஓட்டை எதுவும் இல்லை, ஊசி குத்தியதுபோல ஒரு வடு, அம்மைத் தழும்பு மாதிரி, அவ்வளவுதான். ஆனாலும் அழுத்தினால் உள்ளே ஒரு தளர்வு. பலகையில் வைத்துப் பிளந்தாள். பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த தூள், தூளுக்கு நடுவே பிறைபோல வளைந்து கிடந்தது புழு, உடம்பெல்லாம் வெள்ளை, தலை மட்டும் பழுப்பு, வெளிச்சம் பட்டதும் கூச்சப்பட்டதுபோல இன்னும் சுருண்டுகொண்டது. "சொத்தை" என்று சொல்லிச் சிவப்பு வாளியில் போட்டாள். எதிரே தார்ப்பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஹபீபா, "எனக்கும்தான்" என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல விதைக்கென்று ஒரு நீல வாளி இருந்தது. அதன் அடியில் காலையில் பெய்த தூறல் மட்டும் தேங்கி, மேலே இருந்த கிளைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டாம் என்று குப்பம்மாள் நினைத்தாள், நினைத்ததாலேயே பார்த்தாள். இந்நேரம் ஆஸ்பத்திரியில் பால் புகட்டுகிற பாலாடையைக் கொதிநீரில் போட்டிருப்பார்கள். எடுத்து ஆறவிட்டிருப்பார்கள். இல்லை, பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் என்று அல்லவா சொன்னார்கள். அவர் வந்திருப்பாரா? போனை எடுத்துப் பார்த்தாள். இந்தக் காட்டில் போன் என்பது கடிகாரம் மட்டும்தான், சிக்னல் வேண்டுமென்றால் ஜீப்பில் மலையிறங்கிச் செக்போஸ்ட் வரைக்கும் போக வேண்டும். தெரிந்துதான் எடுத்தாள். அடுத்த விதை நல்லதாக இருந்தால் பிள்ளை பால் குடித்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. சே, என்ன இது, முனைவர் பட்டம் வாங்கியவள் பூப்போட்டுப் பார்ப்பதுபோல, என்று அதன் வாயைப் பொத்தினாள். பொத்திய கையோடு அடுத்த விதையை எடுத்து வெட்டினாள். சொத்தை. அப்படி ஒன்றும் நான் நினைக்கவே இல்லை, அது கணக்கில் சேராது என்று அவசரமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிள்ளை என்றால் தங்கை ரத்னமாலாவின் பிள்ளை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து, வயிற்றில் தங்கியது தங்கியது எல்லாம் கலைந்து, கடைசியாகத் தங்கிய இது ஏழாம் மாசமே அவசரப்பட்டு வந்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர், தலைக்கு ரத்னமாலாவின் புருஷன் வாங்கிவந்த மஞ்சள் குல்லா, அது தலைக்குப் பெரிதாகிக் கண்ணை மறைத்துக்கொண்டு. பெரியம்மா பார்க்கட்டும் என்று நர்ஸ் அந்தக் குல்லாவை ஒரு விரலால் மேலே தூக்கிக் காட்டினாள். கண் மூடியிருந்தது. நெற்றியில் மட்டும் ஏதோ பெரிய யோசனை. குழாய் வழியாகத்தான் பால். துளித்துளியாக. நேற்று டாக்டர் சொன்னார், நாளைக்கு வாய் வழியாப் பாலாடையில குடுத்துப் பார்ப்போம், உறிஞ்சி விழுங்கி, மூச்சும் திணறாம இருந்தா குழாயை எடுத்துடலாம். இல்லைன்னா? என்று கேட்டது குப்பம்மாள்தான். இல்லைன்னா இன்னும் கொஞ்சம் பொறுக்கணும் என்றார். அந்தப் 'பொறுக்கணும்' என்ற சொல்லுக்கு முன்னால் அவர் ஒரு மூச்சு எடுத்தார், அந்த ஒரு மூச்சுதான் நேற்றிலிருந்து குப்பம்மாளின் காதில் நின்றுகொண்டிருக்கிறது. ஏன் மூச்சு எடுத்தார்? சாதாரணமாக எடுத்திருப்பார். மனுஷன் மூச்சு விடத்தானே வேண்டும். இன்று நான் காட்டுக்குப் போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று அவள் சொன்னபோது, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த ரத்னமாலா, "அக்கா, நீ எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத்தான் பயமா இருக்கு. ஒனக்கு விதை உதிருத நேரம்லா இது? நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா" என்றாள். பெற்றுப்போட்டுக் கிழிந்து கிடக்கிறவள், விதை உதிர்வதை ஞாபகம் வைத்திருக்கிறாள். அக்காவின் விதைகளைப் பற்றிப் பேச வீட்டில் வேறு யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி, குப்பம்மாள் காய்ந்த காய்களைத் தீப்பெட்டியில் சேர்த்தால், தீப்பெட்டி தேடிக் கொண்டுவந்து கொடுப்பது அவள்தான். அவளைப் பெற்றதற்கு அம்மாவுக்கு நன்றி என்று முன்பின் யோசனை இல்லாமல் ஒரு சொல் மனசில் ஓடியது. ஓடிய இடமெல்லாம் ஈரமாயிற்று.

விதைதான் காத்திருக்காது, அது உண்மை. இந்தக் குங்கிலிய மரத்து விதையை நெல் மாதிரி, பயறு மாதிரி குதிரில் போட்டு வைக்க முடியாது. விழுந்த சூட்டோடு மண்ணுக்குள் போக வேண்டும், கொஞ்சம் காய்ந்தாலும் செத்துவிடும். அதுவும் இந்த மரங்கள் வருஷா வருஷம் காய்ப்பதில்லை. சில வருஷம் பூவே கிடையாது. சில வருஷம் பேருக்குக் கொஞ்சம் பூத்து, பேருக்குக் கொஞ்சம் காய்த்து, அந்தக் கொஞ்சத்தையும் கூன்வண்டு விடாது. மூக்கு நீண்ட, அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிய வண்டு. காய் மரத்தில் பச்சையாகத் தொங்கும்போதே மூக்கால் துளைத்து, துளைக்குள் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். துளை மூடிக்கொள்ளும். காய் வெளியே அழகாகப் பருக்கும், உள்ளே புழு பருக்கும். இங்கே நிற்கிற மரங்களெல்லாம் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும், ஆனால் காலடியில் இடுப்பளவுக்கு ஒரு கன்று கிடையாது. பாட்டன்கள் மட்டும் குடியிருக்கிற தெரு மாதிரி. ஏன் என்று கேட்டுத்தான் அவளும் ஹபீபாவும் இத்தனை வருஷமாக இந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். இந்த வருஷம்தான் மரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகக் காய்த்திருக்கின்றன. கிளை தெரியாமல் காய். தை மாசம் பூத்தபோதே ஹபீபா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அல்லாவே என்று சொல்லிவிட்டு அப்புறம் வாயை மூடவே இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பங்கை மட்டும் வெட்டிப் பார்ப்பார்கள்; அதில் நல்ல விதை கிடைத்தால் வெட்டாத மிச்சம் இன்று சாயங்காலமே நாற்றங்காலுக்குப் போய்விடும், அடுத்த மழைக்கு இதே சரிவுக்குக் கன்றாகத் திரும்பிவரும். கிடைத்தால். சிவப்பு வாளி முக்கால் நிறைந்துவிட்டது. "குப்பு, இந்த மரம் பூராவும் இப்படித்தான் இருக்கும்போல" என்றாள் ஹபீபா. குப்பு என்று அவளைக் கூப்பிடுகிற ஒரே ஆள்.

அந்தக் கூப்பிடலுக்கும் ஒரு கதை உண்டு. கல்லூரியில் முதல் நாள், வருகைப் பதிவு எடுத்த பேராசிரியர் ஒரு பெயரில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குப்பம்மாளா? என்று கேட்டார், கேள்விக்குறி போட்டு, யாரோ தவறாக எழுதிவிட்டதுபோல. வகுப்பு சிரித்தது. குப்பம்மாள் எழுந்து நின்றாள், காது எரிந்தது, உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை, அந்த நின்றுகொண்டிருந்த நேரம் இன்றைக்கும் சில சமயம் பஸ்ஸில் போகும்போது காரணமில்லாமல் வந்து காதைச் சுடும். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலப்பாளையத்துப் பெண். ஒனக்கு முன்னால எத்தன போச்சு என்று நேராகக் கேட்டாள். குப்பம்மாள் விழித்தாள். "எங்க வாப்பா பேரு பிச்சைக்கனி. அவங்களுக்கு முன்னால மூணு போயிருச்சாம். அதான் கேட்டேன். சும்மா யாரும் பிள்ளைக்குக் குப்பைன்னு பேரு வைக்க மாட்டாங்கல்லா. இந்தா, மீன் திம்பியா?" அன்றைக்குத்தான் தன் பெயரைக் கேலியாக இல்லாமல் ஒருத்தி உச்சரிக்கக் கேட்டாள். மீனும் நன்றாக இருந்தது. வாழ்க்கை பூராவும் கூட வரப்போகிற சிநேகிதி ஒரு துண்டு மீனோடு வந்து உட்கார்ந்தாள் என்பதை அப்போது யார் சொன்னார்கள்? கத்தியைத் துடைத்துக்கொண்டே எதிரே பார்த்தாள். ஹபீபாவின் மூக்குநுனியில் மண். ஒரு புழுவைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் புழு பார்க்கிறாள், இன்னும் சுளிப்பு போகவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி விஷயம் எல்லாம் தெரியும், ஆனால் காலையிலிருந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இவள் உடைந்துவிடுவாள் என்று தெரியும். கேட்காமல் இருப்பதற்கும் ஒரு மனசு வேண்டுமே.

நாலு போச்சு. அம்மா முப்பிடாதி அப்படித்தான் சொல்லுவாள், பாத்திரம் தொலைந்ததைச் சொல்வதுபோல. விக்கிரமசிங்கபுரத்தில் மில் குடியிருப்பு, அப்பாவுக்கு நூற்பில் வேலை, வரிசை வீடு. ஒன்று காய்ச்சலில், ஒன்று பிறக்கும்போதே, ஒன்று ஏனென்றே தெரியாமல், ஒன்று தவழத் தொடங்கிய பிறகு. அந்தத் தவழ்ந்ததைப் பற்றி மட்டும் அம்மா எதுவுமே சொல்ல மாட்டாள். ஐந்தாவதாக இவள் வந்தபோது அம்மா யாரையும் கேட்கவில்லை. குளிப்பாட்டி, பொட்டு வைக்காமல், தெருக்கோடிக் குப்பைமேட்டில் கொண்டுபோய் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தாள். அப்புறம் பின்வீட்டுச் சவேரியம்மாவிடம் பிள்ளையை நீட்டினாள். மாடு வளர்க்கிற சவேரியம்மா ஒரு முறம் தவிட்டை அம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பிள்ளை சவேரியம்மாவுடையது, அம்மா வளர்த்துக்கொடுப்பவள் மட்டும். வருகிறவன் வந்து தேடினால் முப்பிடாதி வீட்டில் பிள்ளை இல்லை, குப்பைதான் இருக்கிறது. சாவை ஏமாற்ற இவ்வளவு எளிய தந்திரம்! சவேரியம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா இவளை அடிக்கக் கையோங்கினால் பின்வாசலிலிருந்தே சத்தம் வரும்: "ஏட்டி முப்பிடாதி, எம்பிள்ளைய எதுக்குடி அடிக்க? ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்குனவ நானு, என்னயக் கேட்டியா?" காதுகுத்துக்கு மாதாகோவில் மெழுகுவத்தியும் கூட வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு டம்ளர் பால், தினமும், நின்றுகொண்டே குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பாலின் சூடு நாக்கில் இருக்கிறது இப்போதும். ஒரு முறம் தவிட்டுக்கு எத்தனை டம்ளர் பால் கொடுத்திருப்பாள் அந்த மனுஷி. இவள் நிலைத்துவிட்டாள் என்று உறுதியான பிறகுதான் அம்மாவுக்குத் தைரியம் வந்தது. அடுத்துப் பிறந்ததற்கு ரத்னமாலா என்று ஊரே கேட்கும்படி பெயர் வைத்தாள். மூத்தது குப்பை, இளையது ரத்தினமாலை. பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது, குப்பை முன்னால் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்ததால்தான் ரத்தினம் துணிந்து பின்னால் வந்தது.

தொப்பென்று எங்கோ ஒரு காய் விழுந்தது. சற்றுத் தள்ளிப் பாறையில் உட்கார்ந்திருந்த வனக் காவலர் பூதத்தான் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யானை இல்லை என்று மறுபடி வெற்றிலைப் பையைத் திறந்தார். அவர் தோளில் மாட்டியிருந்த வயர்லெஸ் அவ்வப்போது கரகரக்கும். எந்த முகாம் பக்கம் யானை நிற்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். குப்பம்மாள் அதைக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று அம்மா செய்த கூத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அம்மா ஊரிலிருந்து வரும்போது கட்டைப்பையில் துணிமணிக்கு அடியில் ஒரு பாலிதீன் கவர் நிறையத் தவிடு கொண்டுவந்திருக்கிறாள். கண்ணாடிப் பெட்டி அறைக்கு வெளியே நின்றுகொண்டு, போகிற வருகிற நர்ஸ்களிடம், "தாயி, இந்தப் பிள்ளைய நீ வாங்கிக்கிடுதியா" என்று கேட்டிருக்கிறாள். ரத்னமாலாவின் மாமியார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குப்பம்மாளுக்கு உடம்பு கூசியது, அம்மா, இங்க இதெல்லாம் கொண்டுவரக் கூடாது, தூசி, கிருமி, என்று கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது ஜெபராணி என்ற அந்த நர்ஸ், கறாரானவள், செருப்பை வெளியே விடச்சொல்லி எல்லாரையும் அதட்டுகிறவள், நேராக வந்து நின்றாள். இப்போது ஏசப்போகிறாள் என்று குப்பம்மாள் நினைத்தாள். ஜெபராணி கவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "இப்ப இந்தத் தவிடு யாருது ஆச்சி?" "ஒனக்குத்தான் தாயி. ஒனக்குக் குடுத்தாச்சு. நீ எனக்குக் குடுத்துட்டுப் பிள்ளைய எடுத்துக்கோ." ஜெபராணி கவரை இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "சரி, வாங்கிட்டேன். இனிமே அது எம்பிள்ளை. எம்பிள்ளைகிட்ட வரணும்னா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும், சம்மதமா?" அம்மா பச்சைப்பிள்ளைபோலத் தலையாட்டினாள். வராந்தாத் தொட்டியில் அம்மா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவியதைக் குப்பம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை படிப்பும் படித்துவிட்டு அந்த இடத்தில் அவளுக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லையே. ஜெபராணி போய்விட்டாள். இன்று பார்த்தால் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? தவிடு வாங்கியதற்கு நன்றி என்றா?

கத்தி வழுக்கியது. அல்லது விதை வழுக்கியது. பார்த்தால் ஓரத்தில் பழைய ஓட்டை, புழு வண்டாகி வெளியேறிப் போய்விட்ட ஓட்டை, ஆகவே சந்தேகமே இல்லாமல் சொத்தை என்று அழுத்திப் பிளந்துவிட்டாள். பிளந்த பிறகு கை நின்றுவிட்டது. ஒரு பக்கப் பருப்பு முழுக்கத் தூள். மறுபக்கம் அப்படியே இருந்தது, ஈரமாக, இறுக்கமாக, அதன் நுனியில் வேர்முளை வெளியே வரத் தயாராகத் தலையை நீட்டியிருந்தது. கத்தி அதன் நடுவில் போயிருந்தது. பாதி தின்ற பிறகும் முளைக்கப் பார்த்திருக்கிறது. புழு பாதியில் எழுந்து போய்விட்டது, மீதியை நான் வெட்டினேன். ஏழாம் மாசம், பாதி, பாதி வளர்ந்தது, இல்லை, முக்கால் வளர்ந்தது, இதையும் அதையும் சேர்க்காதே என்று தனக்கே சொன்னாள். சேர்ந்தது. திறந்து பார்க்காமல் விட்டிருந்தால் இது மரமாகியிருக்கும். ஆனால் திறந்து பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்? தெரிந்துகொள்வதற்காகக் கொன்று, கொன்றதால் தெரிந்துகொண்டு. போனில் சிக்னல் இல்லாததும் நல்லதுதானோ. இந்நேரம் ஒரு பதில் வந்திருக்கும், அது அங்கேயே இருக்கட்டும், திறக்காத வரைக்கும் பிள்ளை குடித்துக்கொண்டே இருக்கும். "என்ன, கையை அறுத்துக்கிட்டியா?" என்று ஹபீபா எழுந்து வந்தாள். குப்பம்மாள் இரண்டு பாதியையும் நீட்டினாள். "இது முளைச்சிருக்கும். நான் வெட்டிட்டேன்." ஹபீபா வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, பாதிய வண்டு தின்னாலும் முளைக்கும்னு இப்பதான நமக்குத் தெரியுது. ஓட்டை இருந்தா உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு இவ்வளவு நாளும் தூரப் போட்டோமே. நீ வெட்டாட்டி இது தெரியுமா?" என்றாள். பிறகு, மூக்கில் மண்ணோடு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்: "அது குடிக்கும் குப்பு. எனக்குத் தெரியும்." ஹபீபா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குடிக்கும்போதுதான் எவ்வளவு தாகம் என்று தெரிந்தது.

தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு மேல்சரிவுக்குப் போனார்கள். அங்கே நின்ற மரங்கள் தாமதமாகக் காய்த்தவை, இந்த ஒன்றிரண்டு நாளாகத்தான் உதிரத் தொடங்கியிருக்கின்றன. முதல் விதையைக் குப்பம்மாள் வெட்டினாள். உள்ளே முழுதாக, விளிம்புவரைக்கும் நிறைந்து, கத்தியில் பால்போல ஒரு ஈரம். அடுத்தது. நல்லது. அடுத்தது சொத்தை. அடுத்தது நல்லது, நல்லது, நல்லது. ஹபீபா பக்கத்திலிருந்து "ஹா" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நீல வாளியில் முதல் விதை விழுந்த ஓசை, பிறகு மேலும் மேலும். காரணம் ஒன்றும் மாயமில்லை, இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டதுதான். வழக்கமான வருஷங்களில் வண்டுக்குப் போதாத அளவுக்குத்தான் காய், அதனால் ஒன்றும் மிஞ்சாது. பூக்காத வருஷங்களில் வண்டுகள் பட்டினியில் குறைந்துபோகின்றன. அப்புறம் ஒரு வருஷம் மரங்களெல்லாம் சேர்ந்து கொட்டோகொட்டென்று கொட்டும்போது, இருக்கிற வண்டுகள் தின்று, முட்டையிட்டு, தின்று, முடியாமல் விட்டுவிடுகின்றன. கீழ்ச்சரிவில் முந்திக் காய்த்தவை வண்டுகளுக்கு விருந்தாயின, அந்த விருந்தில் அவை வயிறு புடைத்துக் கிடந்த நேரத்தில் மேல்சரிவு விதைகள் முற்றிவிட்டன. அவ்வளவுதான். மிஞ்சிய விதை மற்றதைவிடக் கெட்டிக்கார விதை இல்லை. புண்ணியம் செய்த விதை இல்லை. அதற்கு முன்னால் பல போயின, அதனால் இது இருக்கிறது. இந்த இடத்தில் மனசு வழக்கமாகத் திரும்பிவிடும், திரும்பாமல் இன்று மேலே போயிற்று. நாலு போச்சு. பெயர் தெரியாத இரண்டு, பெயர் வைக்குமுன் போன ஒன்று, தவழ்ந்த ஒன்று. அவர்கள் போனதால் நான் வந்தேன் என்று இல்லை, அப்படி ஒரு கணக்கு மனுஷருக்குள் கிடையாது, அம்மா நாலையும் வைத்துக்கொண்டு என்னையும் பெற்றிருப்பாள். ஆனாலும் அவர்களைச் சுமந்து, அவர்களை இழந்து பழகிய கைதான் என்னைக் குப்பையில் புரட்டி எடுத்தது. அந்தப் பயம்தான் என்னைக் காத்தது. தவழ்ந்தது அண்ணனா அக்காவா என்றுகூட நான் கேட்டதில்லையே. ஒரு ஈரமான விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யாரைப் பார்த்து என்று தெரியாமல், உங்களுக்கும்தான் என்று நினைத்தாள். நன்றி என்ற சொல்லைச் சேர்க்கவில்லை, அது தானே சேர்ந்துகொண்டது. சவேரியம்மாவுக்கு. மீன் துண்டுக்கு. சோப்புப் போடச் சொன்னவளுக்கு. இதற்குமேல் சாப்பிட முடியாது என்று எழுந்துபோன வண்டுக்குக்கூட.

வெட்டிப் பார்த்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் பெரிய குவியல் இருந்தது. திட்டப்படி அதிலும் ஒரு பங்கை வெட்ட வேண்டும். "ஹபீபா, மிச்சத்த வெட்டாண்டாம். அப்படியே நாத்தங்காலுக்கு அனுப்பிருவோம். ஓட்டை உள்ளதையும் சேத்துத்தான்." "அதுல எவ்வளவு சொத்தையோ?" "இருக்கட்டும். சொத்தைன்னு நெனச்சதும் முளைக்குதுல்லா? மண்ணுக்குள்ள போட்டுப் பாப்போம், முளைக்கிறத எண்ணிக்கிடுவோம்." ஹபீபா கத்தியை மடக்கி உறையில் போட்டாள். ஈரச் சாக்கை விரித்து இரண்டு பேரும் விதைகளை அள்ளிப் போட்டார்கள். கைநிறைய விதைகளின் குளிர்ச்சி. அப்போதுதான் பூதத்தானின் தோளில் வயர்லெஸ் கரகரத்தது. "நெடும்பாறை, நெடும்பாறை, செக்போஸ்ட் பேசுறேன், ஓவர்." "நெடும்பாறை, சொல்லுங்க, ஓவர்" என்றார் பூதத்தான். "அங்க விதை எடுக்க வந்த குப்பம்மாள் மேடம் இருக்காங்களா? அவங்க வீட்டுலேருந்து போன் வந்துச்சு. கொழந்தைக்கு..." அதற்குப் பிறகு வெறும் கரகரப்பு. குப்பம்மாளின் கை சாக்குக்குள் நின்றது. குழந்தைக்கு. க்கு. க்கு என்றால் என்ன வரும் அதற்குப் பிறகு, எது வேண்டுமானாலும் வரும், மொழியில் உள்ள அத்தனையும் வரலாம். டாக்டர் மூச்சு எடுத்தார் அல்லவா, அந்த மூச்சு இன்னும் முடியவில்லை. "கேக்கல, திரும்பச் சொல்லுங்க, ஓவர்" என்று பூதத்தான் எழுந்து பாறையின் உச்சிக்கு ஏறினார். ஹபீபாவின் விரல்கள் சாக்குக்குள்ளேயே விதைகளுக்கு நடுவில் வந்து அவள் விரல்களைப் பிடித்தன. "கொழந்தைக்குப் பாலாடையில பால் குடுத்தாங்களாம். குடிச்சிருச்சாம். முழுசாக் குடிச்சிருச்சாம். மூச்சு நல்லா இருக்காம், மூக்குல இருந்த குழாய எடுத்துட்டாங்களாம். தங்கச்சி சொல்லச் சொன்னாங்க, அக்கா வேலைய முடிச்சிட்டு மெதுவா வந்தாப் போதுமாம். ஓவர்."

பூதத்தான் பதில் சொல்வதற்குள் வேறொரு குரல் குறுக்கே வந்தது. "கோழிக்கால் கேம்ப் பேசுறேன். ரொம்ப சந்தோசம் மேடம். ஓவர்." இன்னொன்று, மழைக்குள் இருந்து பேசுவதுபோல, "மேலோடை முகாம். எங்க எல்லார் சார்பாவும் சொல்லிருங்க. ஓவர்." முகம் தெரியாத ஆட்கள், யானைக்கும் தீக்கும் காவலிருக்கிறவர்கள், எந்தெந்தப் பாறையிலோ உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார்கள். பிறகு கனத்த குரல் ஒன்று எல்லாவற்றையும் வெட்டியது. "யாரு அது? டிபார்ட்மென்ட் லைன்ல குடும்ப விசயம் பேசுறது? லைனை விடுங்க எல்லாரும்." ரேஞ்சர் என்று பூதத்தான் உதட்டை மட்டும் அசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், சற்றே தாழ்ந்து, கேட்டது: "என்ன கொழந்தை? ஓவர்." பூதத்தான் பாறையிலிருந்து இறங்கி வந்து வயர்லெஸ் பெட்டியைக் குப்பம்மாளின் கையில் வைத்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. இத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசணும்." மண்ணும் பருப்பின் ஈரமும் ஒட்டிய விரலால் அவள் அந்தப் பொத்தானை அமுக்கினாள். "பொண்ணு" என்றாள். "பொண்ணு சார். என் தங்கச்சி மக. எல்லாருக்கும் ரொம்ப..." அவள் அழுத்திய பொத்தானை விடவில்லை. அது அமுங்கியிருக்கிற வரைக்கும் வேறு யாரும் பேச முடியாது, அந்த மலையில் இருந்த முகாம்களிலெல்லாம் அவளுடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஹபீபா மூக்கைச் சிந்தியது கேட்டது, சரிவில் காய்கள் ஒவ்வொன்றாக உதிர்வது கேட்டது. "ஓவர் சொல்லணும்மா" என்று பூதத்தான் மெதுவாக நினைவுபடுத்தினார். தலையாட்டினாள். விரலை எடுக்கவில்லை.